புலிக்கு முன்னால ஒரு வெள்ளைப் புலி!

திருப்பூர் போனா நீங்க காதர்பேட்டையில பனியன் பேரம் பேசுவீங்க. நான் போனது ஒரு பிரின்டிங் பட்டறைக்கு. கையில பென்டிரைவ், அதுல ஒரு புலிப் படம். எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு 60 கறுப்பு டி-ஷர்ட். பசங்ககிட்ட வசூலிச்ச காசு மொத்தமும் என் பொறுப்பு. விழாவுக்கு அஞ்சே நாள்!

ஏற்கெனவே வேற ஊர்ல சாம்பிள் போட்டாச்சு. மானிட்டர்ல நெருப்பா ஜொலிச்ச ஆரஞ்சுப் புலி, துணியில சேத்துல புரண்ட பூனையா வந்துச்சு. 'மட்டமான இங்க்'னு திட்டிட்டு வந்தேன். ஆனா, தப்பு என் ஃபைல்ல!

பட்டறை அண்ணன் பார்த்ததுமே கேட்டார்... "தம்பி, அண்டர்பேஸ் எங்கீங்க?"

முழிச்சேன். பேப்பர் வெள்ளைங்கிறதால அதுல கலர் பளிச்னு தெரியும். கறுப்புத் துணியோ மேல விழுற கலரை முழுங்கிடும். அதனால, முதல்ல வெள்ளை இங்க் அடிச்சு, தொட்டா ஒட்டாத பதத்துக்குச் சூடு காட்டி, அதுக்கு மேலதான் ஆரஞ்சு. கலர் பிரிக்கிறப்பவே அந்த வெள்ளைக்குத் தனி ஃபிலிம், தனி ஸ்கிரீன்.

'இவ்வளவுதானா!'ன்னு புலி முழுக்க வெள்ளையை ரொப்பிக் கொடுத்தேன். அண்ணன் சிரிச்சுட்டார். "வரிக்கு எதுக்குங்க வெள்ளை? துணியே கறுப்புதானுங்களே!" புலியோட கறுப்பு வரி இருந்த இடத்துல எல்லாம் வெள்ளையை வெட்டினார். கறுப்பு இங்க்கும் மிச்சம், ஒரு ஸ்கிரீனும் மிச்சம். (நாலு செமஸ்டர்ல எனக்கு இது தோணலையே!)

அடுத்து, வெள்ளையோட ஓரத்தைச் சுத்திலும் மயிரிழை அளவு உள்ளே சுருக்கினார். ஸ்கிரீன் துளி நகர்ந்தாலும் ஆரஞ்சுக்கு வெளியே வெள்ளை பல்லைக் காட்டக் கூடாதில்ல? வயித்துப் பக்க நிழலுக்கு வெள்ளையைப் புள்ளி புள்ளியா மாத்தினார். புள்ளி சின்னதாக ஆக, மேல விழுற ஆரஞ்சு தானா இருண்டுக்கிட்டே போகும்.

மறுநாள் நீளமான டேபிள்ல வரிசையா டி-ஷர்ட்கள். ஸ்க்வீஜியை ஒரு இழு... வெள்ளைப் புலி. அடுத்தது, அடுத்ததுன்னு டேபிள் முழுக்க வெள்ளைப் புலிக் கூட்டம்! எனக்கு வயித்தைக் கலக்குச்சு. சூடு காட்டிட்டு ஆரஞ்சு ஸ்கிரீனை இறக்கித் தூக்கினாங்க பாருங்க, முதல் புலி முறைச்சுது. அப்பதான் டீயே தொண்டையில இறங்குச்சு.

உங்ககிட்ட கலர் பிரின்ட் போட்ட பழைய கறுப்பு டி-ஷர்ட் இருந்தா எடுத்துப் பாருங்க. பிரின்ட் வெடிச்ச இடத்துல வெள்ளையா எட்டிப் பார்க்குதா? அதான் இவரு!