திருகாணியின் இரண்டு தடம்

1996-ம் வருடத்து மழைக்காலம். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த ரேடியோ செட்டுக்காரர், கள்ளக்குறிச்சியில் என் மேசை மேல் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஓர் அட்டைப்பெட்டியை வைத்தார். "வக்கீலய்யா, இந்த முள்ளு என் தட்டையெல்லாம் தின்னுடுச்சுங்க."

உள்ளே இருந்தது ஒரு கேட்ரிட்ஜ். ரிக்கார்டு பிளேயரின் கை நுனியில் இரண்டு திருகாணி போட்டுப் பூட்டுகிற உறுப்பு. முள் அதில்தான் இருக்கும். கல்வராயன் மலையில் ஜாகீர் முறை ஒழிந்த 1976-ல் அவருடைய அப்பா ரேடியோ செட் வாங்கினாராம். கீழே எல்லோரும் கேசட்டுக்கு மாறிவிட்ட பிறகும், அப்பா சேர்த்த இசைத்தட்டுகளைத்தான் இவர் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கேட்ரிட்ஜ் போனதும் சென்னையில் ஒரு கடைக்குக் கார்டு எழுதிக் கேட்டிருக்கிறார். பழசு 125 ரூபாய், புதுசு 450 ரூபாய் என்று பதில் வந்திருக்கிறது.

"பழசே வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"முள்ளு பழசா இருந்தா தட்டு போயிடும்யா. முள்ளு கடையில கிடைக்கும். எங்கப்பா தட்டுக்கு நான் எங்க போவேன்?"

அவர் சொன்னது முழு உண்மை. தட்டின் பள்ளம் 'வி' வடிவம். உருண்டை முனை இரு பக்கச் சுவரையும் ஒவ்வொரு புள்ளியில் மட்டும் தொட்டுக்கொண்டு ஓடும். தேயத் தேய அந்த இரண்டு இடமும் தட்டையாகி, விளிம்பு உளி போலக் கூராகிவிடும். பிறகு அது பாடுவது பாதி, செதுக்குவது பாதி. முதலில் கெடுவது உயர்சுருதி ஒலிகள். 'திருவிளையாடல்' வசனத் தட்டில் 'ச' வரும் இடமெல்லாம் சீறத் தொடங்கியபோதுதான் இவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அதற்குள் மூன்று தட்டுகள் போய்விட்டன.

புதுசு என்று சொல்லிப் பழசை அனுப்பிவிட்டார்கள் என்று விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனுப் போட்டோம். மனுவுக்குக் கட்டணம் இல்லாத காலம் அது. எதிர்தரப்பு முதலில், கடை சென்னையில் இருப்பதால் வழக்கும் அங்கேதான் நடக்க வேண்டும் என்றது. ஆனால் பார்சல் வி.பி.பி. தபாலில் வந்தது, பணம் கட்டிப் பொருளை வாங்கியது இங்கே. வழக்கு மூலத்தின் ஒரு பகுதி இங்கே எழுந்தாலே 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தத் தபால் ரசீதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். (2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் வாங்கியவர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம். அன்று அந்த வசதி இல்லை.)

அடுத்தது கனமான ஆட்சேபணை. வாடகைக்கு செட் விடுகிறவர் வணிகர், நுகர்வோர் அல்ல என்றார்கள். 1995-ல் உச்ச நீதிமன்றம் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் சொன்ன தீர்ப்பு அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்தில் வாங்கிய இயந்திரம் பற்றிய வழக்கு; வாங்கிய தரப்பு தோற்றது. அந்தத் தீர்ப்பைத்தான் எனக்கு எதிராக நீட்டினார்கள். நான் அதே தீர்ப்பிலிருந்து வேறு பக்கத்தைப் படித்தேன். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவை வாங்கியவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்கிறது அது. ஒலிபெருக்கிக் குழாயைத் தென்னை மரத்தில் கட்ட மச்சினன் ஏறுவதால் இவர் முதலாளி ஆகிவிடுவாரா என்று கேட்டேன். அந்த ஆட்சேபணை அங்கேயே விழுந்துவிட்டது.

மிச்சம் இருந்தது, பொருள் பழையது என்பதை நிரூபிப்பது. சட்டம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்கிறது. ரிக்கார்டு முள்ளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தின் பெயரை இரண்டு தரப்பாலும் சொல்ல முடியவில்லை. விசாரணைக்கு முந்தின இரவு, வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் லென்ஸை இரவல் வாங்கி அந்தப் பொருளை வெகுநேரம் பார்த்தேன். திருகாணி உட்காரும் காதில் ஒரு பெரிய வட்டத் தடம். அதற்குள், மையம் சற்று விலகி, இன்னொரு சின்ன வட்டம். அவருடைய திருகாணியை வைத்துப் பார்த்தேன். பெரிய வட்டத்தில் அச்சாகப் பொருந்தியது. சின்னது வேறு யாருடைய திருகாணியோ விட்டது. இவருக்கு முன்னால் ஒருவர் அதைப் பூட்டி, ஓட்டி, கழற்றியிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் மன்றத் தலைவரும் உறுப்பினர்களும் லென்ஸை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். மனுதாரரே இரண்டு முறை பூட்டியிருக்கலாம் என்றது எதிர்தரப்பு. முனையின் தேய்மானத்தைக் காட்டினேன். வாடகை நோட்டின்படி அந்த முள் ஓடியது மூன்று விசேஷம், மொத்தம் 22 மணி நேரம். அதற்குப் பதிலாக அவர்கள் கூடுதல் வாக்குமூலம் தாக்கல் செய்தார்கள்: அது நீலக்கல் முள், 22 மணி நேரத்தில் தேயத்தான் செய்யும். வழக்கு அந்த வரியில் முடிந்தது. அவர்கள் கொடுத்த பில்லில் 'புதியது, வைர முள்' என்று இருந்தது. நீலக்கல் சில பத்து மணி நேரத்துப் பொருள், வைரம் சில நூறு மணி நேரம் தாங்கும். தேய்மானத்துக்குக் காரணம் சொல்லப் போய், விற்றது சொன்ன பொருளே அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பொருள் விற்பனைச் சட்டம் 15-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது.

450 ரூபாயும் செலவுத் தொகையும் கிடைத்தன. தட்டுகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்ட தட்டு ஒன்றையாவது சான்றுப் பொருளாக நான் தாக்கல் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

பழையது வாங்குவதே தவறு என்று நான் நினைக்கவில்லை. உடம்பு நன்றாக இருந்து முள்ளை மட்டும் புதிதாகப் போட முடிந்தால் பழைய கேட்ரிட்ஜ் பல வருடம் உழைக்கும். அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 2018-ல் கேட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திய பிறகு, பெட்டி பிரிக்காத பழைய சரக்கைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். முள்ளைத் தாங்கும் ரப்பர் பெட்டிக்குள்ளேயே கிடந்தும் இறுகிப்போகும் என்பதை அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

அடுத்த தையில் அவர் மறுபடி வந்தார். தியாகதுருகத்தில் தொழிலை விட்ட ஒரு செட்டுக்காரரிடம், தன் தட்டு ஒன்றைக் கொண்டுபோய் ஓட்டிக் கேட்டு, ஒரு கேட்ரிட்ஜ் வாங்கியிருந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். 'கேட்ரிட்ஜ் பழசு, முள் புதுசு' என்று எழுதி, விற்றவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.