உள்ளங்கைக்கு ஒரு கவசம்

ராயபுரத்திலிருந்து வடக்கே, எண்ணூர்வரை கடலை ஒட்டிப் போகும் சாலை எங்கள் பகுதிக்கு உயிர்நாடி மாதிரி. வலது பக்கம் கடல், கூடவே வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். காசிமேட்டில் மீன் வாசனை, திருவொற்றியூரில் கோயில் மணியோசை, எண்ணூரை நெருங்கினால் அனல் மின் நிலையத்துச் சாம்பல் என்று ஒவ்வொரு பேட்டைக்கும் ஓர் அடையாளம் உண்டு. காலையிலும் மாலையிலும் இந்தச் சாலையில் போகிறவர்களில் பாதிப்பேர் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார்கள். துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். என் மகனும் அதில் ஒருவன்.

சட்டத்துக்குப் பயந்தாவது தலைக்கு ஹெல்மெட் போட்டுக் கொள்கிறார்கள். கைகளைப் பார்த்தால் வெறும் கைதான். ஆனால் வண்டி சறுக்கினால் முதலில் தரையைத் தொடுவது எது, சொல்லுங்கள்? நாம் வீட்டில் வழுக்கி விழுந்தாலும் கை தானாக முன்னே போய் ஊன்றிக் கொள்கிறதல்லவா? அதே கதைதான். எங்கள் தெருவில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையன், லாரியிலிருந்து சிந்திய மணலில் சறுக்கி விழுந்தான். தலைக்கு ஒன்றுமில்லை. இரண்டு உள்ளங்கையும் உரிந்து போய், ஒன்றரை மாதம் ஸ்பானர்கூடப் பிடிக்க முடியவில்லை. சோற்றை அவனுடைய அம்மாதான் பிசைந்து ஊட்டினாள். கையால் சம்பாதிக்கிற குடும்பத்தில், கை போனால் அடுப்பும் அணைந்த மாதிரிதான்.

இத்தனைக்கும் மோட்டார் சைக்கிளும் தோலும் எங்களுக்குப் புதிதல்ல. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. புல்லட் தயாரிக்கத் தொழிற்சாலை வந்தது எங்கள் திருவொற்றியூரில். சீமையில் அந்தக் கம்பெனி மூடிய பிறகும் இங்கே வண்டி தயாராகிக் கொண்டுதான் இருந்தது. பின்னாளில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள் வந்தாலும், புல்லட் என்றால் பழைய ஆட்களுக்குத் திருவொற்றியூர்தான்.

தோலின் கதை இன்னும் பழையது. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் புறப்பட்டது. போன இடம் வாலாஜா. தோல் பதனிடும் ராணிப்பேட்டை அதற்குப் பக்கத்து ஊர். நாம் டீ போட்டுக் குடிக்கிறோமே ஆவாரம்பூ, அந்தச் செடியின் பட்டையை ஊற வைத்துப் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி லண்டன் சந்தைவரை போயிருக்கிறது. இப்போது கையுறைக்கு வருவது பெரும்பாலும் குரோமியம் உப்பில் பதனிட்ட மெத்தென்ற தோல்.

சரி, நல்ல கையுறையை எப்படிப் பார்த்து வாங்குவது? சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பெரியமேட்டில் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு கடைக்கார பாய் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார்.

"அம்மா, பளபளப்பைப் பார்த்து எடுக்காதீங்க. விரலால அழுத்திப் பாருங்க. நிஜத் தோல்னா அழுத்தின இடத்தைச் சுத்திச் சின்னச் சின்னதாச் சுருக்கம் விழும். ரெக்ஸின்னா சும்மா பள்ளம்தான் விழும். வெட்டின ஓரத்தைப் பாருங்க, நார் நாரா இருக்கணும்" என்றார்.

ஆட்டுத் தோல் மெல்லியது, ஆனாலும் உறுதியானது; நம் வெயிலுக்கு ஏற்றது. மாட்டுத் தோல் கனமானது. உரசலை நன்றாகத் தாங்கும். "வேர்க்குதும்மா" என்று பையன்கள் சாக்குச் சொன்னால், விரல்களின் மேல்புறம் பொடி ஓட்டைகள் போட்டதாக எடுங்கள். உள்ளங்கைப் பக்கம் ஓட்டை கூடாது. மணிக்கட்டை ஒட்டிய மேட்டில் தோல் இரட்டையாகத் தைத்திருக்க வேண்டும். விழும்போது அடி வாங்குவது அந்த இடம்தான். இ.என். 13594 என்ற ஐரோப்பியத் தர எண் உள்ளே தைத்த துணியில் இருந்தால் இன்னும் நல்லது.

அளவு எடுக்க நம் தையல் டேப் போதும். கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களும் தொடங்கும் முட்டியைச் சுற்றி, அதிகம் புழங்கும் கையில் அளக்க வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது கையை விரித்துப் பார்த்தால் மட்டும் போதாது. ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் மடக்கச் சொல்லுங்கள். விரல் நுனி முட்டினால் சின்னது. உள்ளங்கையில் தோல் மடிந்து திரண்டால் பெரியது. திரண்ட தோல் பிரேக்கைப் பிடிக்க விடாது. போகப் போகத் தோல் கொஞ்சம் அகலத்தில் இளகும். நீளத்தில் அவ்வளவாக இளகாது. கடைசியாக மணிக்கட்டுப் பட்டையை மாட்டிவிட்டு, விரல் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அது வேண்டாம். விழும்போதும் அப்படித்தான் கழன்று போகும்.

வாங்கி வந்த பிறகு நம் வேலை ஆரம்பிக்கிறது. உப்புக் காற்று, சாம்பல், வியர்வை மூன்றும் எங்கள் ஊர்க் கையுறைக்கு எதிரிகள். வியர்வை உப்பு ஊறினால் தோல் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். ஆகவே, சாயங்காலம் வந்ததும் ஈரத் துணியால் துடைத்து, வாயைத் திறந்தாற்போல் நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். வெயிலில் போடுவதும் அடுப்படியில் காய வைப்பதும் கூடவே கூடாது; வெடித்துவிடும். மழையில் நனைந்தால் உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்து ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். முக்கால் ஈரம் போனதும் ஒருமுறை கையில் மாட்டி மடக்கி நீட்டினால் வடிவம் கெடாது.

கிரீஸ் பட்டால் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைக்க வேண்டாம். தோலுக்கென்று விற்கும் சோப்பும் கிரீமும் போதும். கிரீமை மாதம் ஒருமுறை, பட்டாணி அளவு எடுத்துத் தடவினால் சரி. தேங்காய் எண்ணெய் வேண்டாம். தோல் கறுத்து, நாளாவட்டத்தில் சிக்கு வாடை வரும். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சணம் பூத்தால் வெளியில் கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல் துணிப்பையில் வையுங்கள்.

உடம்பு சம்பந்தமாக இரண்டு விஷயம். சிலருக்குக் குரோமியம் ஒத்துக்கொள்ளாமல் கையில் அரிப்பு, தடிப்பு வரலாம். வந்தால் கையுறையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். இன்னொன்று, கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில் ஸ்கேஃபாய்டு என்று முந்திரிக்கொட்டை அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. கையை ஊன்றி விழுந்தால் அது விரிசல் விடலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் சேர நாளாகும். கையுறை போட்டிருந்தாலும் சரி, அந்த இடத்தில் வலி நின்றபாடில்லை என்றால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடாதீர்கள்.

ஸ்கூட்டரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும் இளம் தாய்மார்களே, இதெல்லாம் ஆண் பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெண்களின் கை அளவுக்கும் கையுறை கிடைக்கிறது. வளையல் கடையில் எத்தனை ஜோடி போட்டுப் பார்த்து எடுக்கிறோம்! அந்தப் பொறுமையில் பாதி இதற்கும் இருந்தால் போதும்.