கணப்பு

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலின் ஈரக்காற்றையே குளிரென்று எண்ணியிருந்தவர்கள் நாங்கள். சனவரி மாதத்து உதகையில், அறைக்காரர் தந்த சிறிய எரிவாயுக் கணப்பை ஏற்றிவைத்து, சாளரங்களை இறுகச் சாத்திப் படுத்தோம்.

நள்ளிரவில் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்கியவர்கள் மாண்ட செய்திகள் நினைவுக்கு வந்தன. எரிவாயு கசிந்தால் காட்டிக்கொடுக்க மெர்காப்டன் நாற்றத்தைக் கலந்திருக்கிறார்கள். காற்றுப் போதாமல் எரிகையில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கோ மணமே இல்லை. கணப்பை அணைத்து, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினோம்.

பிராணவாயு குறைந்தால் தானே அணையும் அமைப்பு அதில் இல்லையென்று காலையில் அறிந்தோம். (கேட்டு வாங்கியிருக்க வேண்டும், இருந்தாலும் உறங்குமுன் அணைத்திருக்க வேண்டும்.)

மறுநாளிரவு மூன்று கம்பளிகள், சற்றே திறந்த சாளரம். பாப்பா கேட்டாள்: "ஊருக்குப் போவமா?"