ஒரே பாட்டு, இரு கைகள்

பழைய இசைத்தட்டுகளின் மறுபதிப்புகளைச் சேர்ப்பது நமக்குள்ள பைத்தியங்களில் ஒன்று. பீட்டில்ஸ் கோஷ்டியாரின் 'லவ் மீ டூ' என்ற பாட்டின் மறுபதிப்பு 1982-ல் வந்தது. அந்த ஏழு அங்குலத் தட்டை வாங்கி வந்து, "கேளுங்கள், ரிங்கோ ஸ்டாரின் டிரம் வாசிப்பை!" என்று நண்பர்களிடம் பெருமையடித்துக் கொண்டோம். பிறகுதான் உண்மை தெரிந்தது.

1962 செப்டம்பர் 4-ந் தேதி லண்டனில் ரிங்கோ டிரம் வாசித்துப் பதிவான பாட்டே அவ்வாண்டு அக்டோபரில் முதன் முதலாக வெளிவந்தது. ஆனால் செப்டம்பர் 11-ந் தேதி நடந்த மறுபதிவில் டிரம் வாசித்தவர் ஆண்டி வைட். ரிங்கோவின் கையில் கிடைத்ததோ நம் கஞ்சிராவுக்கு உறவான டாம்பரின்! நம் தட்டில் இருந்தது இந்த இரண்டாவது பதிவு. முகத்தை எங்கே வைத்துக் கொள்வது?

அத்தட்டைத் தூர எறியும்படி வீட்டில் சொல்லுகிறார்கள். நமக்கு மனம் வரவில்லை. டிரம்மை இழந்தும் தாளத்தைக் கைவிடாத ஒருவரின் கை அதில் ஒலிக்கிறதே!