திருகோணமலைக்கு என்ன உடுத்து வருவது?

விடுமுறைக் காலம் அணுகும்போது எமக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே வினாவையே தாங்கி வருகின்றன. "அங்கே வெயில் எப்படி? என்ன உடுப்பு எடுத்து வருவது?" திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வீடு கட்டிக்கொண்டு வாழ்பவர்க்கு உறவினர் பெருகுவது இயல்பு. மாரியில் எம்மை மறந்திருப்போரும் சித்திரை பிறந்ததும் எம் நலத்தை விசாரிப்பர். நாம் கல்லூரியிற் பாடஞ் சொல்லிப் பிழைப்பவர். ஆடை அலங்காரத்துக்கும் எமக்கும் உள்ள தொலைவை எம் மனைவி பலர் முன்னிலையிற் கூறியதுண்டு. ஆயினும், ஆண்டுதோறும் விருந்தினரின் பெட்டிகள் திறக்கப்படுவதையும், கொண்டு வந்தவற்றுட் பாதி உடுத்தப்படாமலே மீண்டும் மடிக்கப்படுவதையும் கண்டு வந்தமையால், இவ்விடயத்தில் எமக்கும் சிறிது அறிவு உண்டாகியிருக்கின்றது.

கனடாவில் வாழும் எம் தமக்கையார் தம் மகனோடும் மகளோடும் வருவதாக அறிவித்தபோது, அவ்வறிவு முழுவதையும் நீண்டதொரு கடிதமாக எழுதி அனுப்பினோம். மின்னஞ்சல்தான், என்றாலும் கடிதம் என்று சொல்லவே மனம் விரும்புகின்றது. பதினொரு ஆண்டுகளின் பின் அவர் வருகின்றார். ஆடியில் வந்திறங்கி, ஆவணியில் எம் மனைவியின் தங்கை மகளுடைய திருமணத்தையும் கண்டு செல்வதாக ஏற்பாடு. கடலுக்கு, கோயிலுக்கு, கலியாணத்துக்கு என மூவகை உடை வேண்டும் என்று எழுதினோம். நான்காவது ஒன்றும் வேண்டியிருந்ததை நாம் நினைக்கவில்லை.

கடிதத்திலே முதலிற் காற்றைப் பற்றிச் சொன்னோம். தென்மேற்குப் பருவமழை கொழும்பையும் காலியையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கும் மாதங்களில் இக்கிழக்குக் கரை வறண்டு கிடக்கும். மலைகளிலே தன் நீரையெல்லாம் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்து சேரும் அக்காற்றைக் கச்சான் என்பர். அது வீசும் நாள்களில் வெப்பம் 35 பாகை வரை ஏறும். கடலோ குளம்போல அடங்கியிருக்கும். இதனாலேயே ஏப்ரில் தொடக்கம் செப்தெம்பர் வரை உப்புவெளியும் நிலாவெளியும் உல்லாசப் பயணிகளால் நிறைகின்றன. கடலை எண்ணி வருபவர் காற்றை எண்ணாமல் வருவதே பெட்டி நிறையும் பிழைகளுக்குக் காரணம்.

இக்காற்றுக்குப் பருத்தியை வெல்லும் துணி இல்லை. காரணம் எளிது. காற்றிலுள்ள ஈரத்தைப் பருத்தி நூல் தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு வரை ஏற்றுக்கொள்ளும். நைலோன் நான்கு பங்கு ஏற்கும். பொலியெஸ்ரரோ அரைப் பங்கையும் ஏற்காது. வியர்வையைத் துணி ஏற்றுக் காற்றுக்குக் கொடுத்தால் உடல் குளிரும். ஏற்காவிடின் அது முதுகில் ஓடையாய் இறங்கும். மடிப்புக் குலையாது என்பதற்காக வாங்கப்படும் பளபளப்பான மேற்சட்டைகள் இங்கு வந்த மறுநாளே கதிரையின் முதுகில் தொங்குவதை நாம் ஒவ்வோராண்டும் காண்கின்றோம்.

நிறத்தைப் பற்றி மட்டும் எம் கருத்தைச் சிறிது மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வெயிலுக்கு வெள்ளையே உகந்தது என்று பிள்ளைகளுக்குப் பல காலம் சொல்லி வந்தோம். பாலைவனத்துப் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று சில அறிஞர் ஆராய்ந்து, 1980-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் எழுதினர். கறுப்புத் துணி அதிக வெப்பத்தை வாங்குவது உண்மையே. ஆனால் அங்கி தளர்வாய் இருந்தால் அவ்வெப்பம் தோலை அடையுமுன் காற்றோடு போய்விடுகின்றது. வெள்ளை அங்கிக்கும் கறுப்பு அங்கிக்கும் உடலளவிற் பேதமில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆகவே நிறத்திலும் தளர்ச்சியே முக்கியம். கிண்ணியாவிலும் மூதூரிலும் கறுப்பு மேலங்கி அணிந்து சந்தைக்கு வரும் பெண்கள் இவ்வாராய்ச்சியைப் படித்திருக்கத் தேவையில்லை.

அடுத்து தலைக்கு ஒரு தொப்பி. எம் பாட்டனார் பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் எழுத்தராக இருந்தவர். 1957-ஆம் ஆண்டில் அத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட பின்னரும், வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச் சென்ற சோலாத் தொப்பியைப் பெட்டியிற் பாதுகாத்து வைத்திருந்தார். சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் வந்த பெயர் அது என்று பலர் எண்ணுவர், அன்று. சோலா என்பது நீரில் வளரும் ஒரு செடி. நாம் அதனை நெட்டி என்போம். தஞ்சாவூரார் கோயில் உருவங்கள் செய்வது அதன் தண்டிலேதான். காகிதத்திலும் கனம் குறைந்த அத்தண்டைக்கொண்டு தம் தலையைக் காத்தவாறே வெள்ளையர் இவ்வெயிலை ஆண்டனர். அத்தொப்பி இப்போது எம்மிடம் இல்லை. ஒரு பள்ளி நாடகத்திலே கவர்னராக நடித்தவரோடு போயிற்று.

தொப்பிக்கும் இக்கரைக்கும் இன்னுமொரு தொடர்பு உண்டு. எம் வீட்டு மாடியில் நின்றால் எதிரே தெரியும் கொட்டியாரக் குடாவுக்கு, மசூலிப்பட்டினத்தருகே 1659-ஆம் ஆண்டுப் புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, புதிய மரம் நாட்டவும் கொண்டு வந்த துணியை விற்கவும் வந்தது. 1660-இல் கண்டி மன்னனின் ஆட்கள் அக்கப்பற் தலைவரையும், மகன் றொபேட் நொக்ஸையும், வேறு சிலரையும் சிறைப்பிடித்துச் சென்றனர். துணி விற்க வந்த மகன், உடுத்தது கிழிந்துபோன நிலையில், மலைநாட்டிலே தொப்பி பின்னி விற்றுச் சீவித்தான். 1679-இல் தப்பிச் சென்று எழுதிய நூலால் உலகப் புகழும் பெற்றான். மூதூரில் அவன் நினைவாக ஒரு கல் உண்டு. விடுமுறைக்கு வருவோர் அதனைப் பார்ப்பது அரிது.

எம் மருமகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பனையோலைத் தொப்பியொன்று வருவித்து வைத்திருந்தோம். அகன்ற விளிம்பும் சிவப்புச் சாயமும் கொண்ட அழகிய வேலைப்பாடு. பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து மான்களோடு படம் பிடிக்கும் ஆசையில் அதனைக் கழற்றிப் புல்லின்மேல் வைத்தாள். கோட்டை மான்கள் மனிதருக்கு அஞ்சுவதில்லை, ஓலைக்கும் அஞ்சுவதில்லை. அவள் திரும்பியபோது விளிம்பில் ஒரு பாகம் குறைந்திருந்தது. மிச்சத்தை அவள் பெருமையோடு அணிந்தாள்; அதுவே நாகரிகம் என்று எண்ணினார்போலும், வழியில் இருவர் எங்கே வாங்கியது என்று விசாரித்தனர்.

அக்கோட்டை வாயிலினூடாகவே கோணேசர் கோயிலுக்குச் செல்லவேண்டும். 1622-இல் போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து அதன் கற்களையும் கொண்டு எழுப்பிய கோட்டை அது. இன்றுள்ள ஆலயத்துக்கு 1963-ஆம் ஆண்டிற் குடமுழுக்கு நடைபெற்றது. மலையுச்சியிற் குடை பயன்படாது. காற்று அதனை மலர்த்திவிடும். நீளச் சேலைத்தலைப்பை இடுப்பிற் செருகாதவர் இராவணன் வெட்டைப் பார்ப்பதைவிட்டுத் தலைப்பைப் பிடிப்பதிலேயே பொழுதைப் போக்குவர். பாதணியைக் கழற்றிய பின் உச்சிப்பொழுதிற் கல் சுடும். ஆதலின் காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ செல்வதே முறை. முழங்காலுக்கு மேல் நிற்கும் காற்சட்டை ஆகாது. ஆண்கள் மேற்சட்டை கழற்றும் வழக்கத்தை எம் மருமகன் அறிந்திருந்தான், ஆனால் கூசினான். இருபத்திரண்டு வயது, ஆறடி உயரம். பிறந்ததும் வளர்ந்ததும் ரொறன்ரோவில். நீளக் காற்சட்டையோடு, கைகளை மார்பிற் கட்டியபடியே சுற்றி வந்தான்.

கடலிலே அவனுக்கு அக்கூச்சம் இல்லை. நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாத்தீவுக்குச் சென்றோம். 2003-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அச்சிறு தீவைச் சூழ முருகைக் கற்கள் வளர்ந்திருக்கின்றன. வெயிலுக்குப் பூசும் பசைகளுட் சில முருகைக்குத் தீங்கு செய்யும் என்று, அவ்வகைப் பசைகளின் விற்பனையை ஹவாய்த் தீவினர் 2021 முதல் தடுத்துவிட்டனர். பசையிலும் நீளக் கையுள்ள நீச்சற் சட்டை நன்று என்று கடிதத்தில் எழுதியிருந்தோம். பிள்ளைகள் அவ்வாறே கொண்டு வந்தனர். எம் மனைவி சல்வாரோடு இடுப்பளவு நீரில் இறங்கி மீன்களைக் கண்டார். தமக்கையார் மட்டும் கரையில் ஒரு துவாயை விரித்து, காலணியையும் கழற்றாமல் அமர்ந்திருந்தார். இளமையில் எம்மையெல்லாம் முந்திக்கொண்டு அலையில் இறங்கியவர் அவர்.

அன்றிரவே நான்காவது உடை வெளிப்பட்டது. "தம்பி, ஆடி அமாவாசைக்கு அவருக்குக் கன்னியாவிலே கடன் செய்யவேணும். இவனுக்கு வேட்டி கட்டப் பழக்கிவிடு" என்றார். அத்தான் மறைந்தது அதற்கு முந்திய ஆண்டின் பனிக்காலத்தில். ஆண்டுத் திவசமும் அங்கேயே கழிந்தது. மண்டபமொன்றில், காலுறையோடு நின்று, ஒருமணி நேரத்தில் எல்லாம் முடிந்ததாகத் தமக்கையார் சொன்னார். தொலைபேசியில் நாம் வெயிலைப் பற்றியும் துணியைப் பற்றியும் அத்தனை பேசியபோது அவர் இதனைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. விடுமுறை என்னும் சொல் எம் கண்ணை மறைத்துவிட்டது.

எம் புதிய வேட்டியொன்றை எடுத்துக் கொடுத்தோம். அவர் அதனை வாங்கவில்லை. தம் பெட்டியில், நீச்சற் சட்டைகளுக்கும் பிள்ளைகளின் சப்பாத்துகளுக்கும் அடியிலிருந்து, அத்தானின் நாலு முழ வேட்டியை எடுத்தார். மடிப்பின் வழியே சற்று மஞ்சள் ஏறியிருந்தது. "மாமா, வெள்ளைக் காற்சட்டை போட்டால் போதாதா?" என்று கேட்டுக்கொண்டிருந்த பையன், அதைக் கண்டதும் பேசாமல் எழுந்து நின்றான். அரைமணி நேரம் கட்டிக் கட்டி அவிழ்த்தோம். தந்தையிலும் மகன் உயரம். ஆகவே கணுக்கால் வெளியே தெரிந்தது. அதற்கு மாற்றில்லை.

கன்னியா நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தூரம், அநுராதபுர வீதிக்கு அணித்தாக. இராவணன் தாயின் இறுதிக் கடனுக்கென உண்டாக்கியவை என்று கதை வழங்கும் ஏழு கிணறுகள் சதுரமாய், ஆழமின்றி இருக்கின்றன. ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு இல்லை. இறங்கிக் குளிக்க முடியாது. வாளியால் அள்ளியே வார்த்துக்கொள்ளவேண்டும். திறந்த வெளியில் ஆண் பெண் அனைவரும் நீராடும் இடமாதலால், இங்கு உடை பற்றிச் சொல்லவும் அவசியமுண்டு: ஆண்களுக்குச் சாரம் அல்லது வேட்டி, பெண்கள் குறுக்குக்கட்டின்மேல் ஒரு துவாயைப் போர்த்துவர், அல்லது நூற்சட்டையோடே நீராடுவர். கண்ணாடிபோல ஒட்டும் மெல்லிய துணி கூடாது. மாற்றுடையைப் பனையோலைப் பையில் வைத்தால் ஈரம் ஊறாது என்று சிலர் சொல்வர், ஊறும், நெகிழிப் பையே நன்று.

ஏழு கிணற்று நீரும் தலையில் வார்த்த பின், தருப்பை மோதிரம் அணிந்து, ஈர வேட்டியோடு ஐயர் முன் அமர்ந்தான் பையன். மந்திரம் அவனுக்கு விளங்கவில்லை. தந்தையின் பெயரைச் சொல்லும்படி ஐயர் கேட்டபோது மட்டும் நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னான். மேற்சட்டை இல்லாதது அவனுக்கு அப்போது நினைவிலில்லை. எள்ளும் நீரும் இறைத்த பின் தமக்கையார் சென்று ஒரு வாளி நீரள்ளித் தம் பாதங்களில் வார்த்துக்கொண்டார். "இன்னும் அந்தச் சூடே" என்றார். கச்சானில் வேட்டி கால்மணி நேரத்தில் உடம்பிலேயே உலர்ந்தது.

கலியாணத்துக்கான உடையிலும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. தமக்கையார் சாம்பல் நிறச் சேலைகள் இரண்டை மட்டுமே கொண்டு வந்திருந்தார். அவற்றை உடுத்துப் பின்வரிசையில் அமர்ந்துவிடுவதென்பது அவர் தீர்மானம். எம் மனைவி அவரைக் கேளாமலே மருதமுனைக் கைத்தறிச் சேலையொன்றை வாங்கி வந்தார். கடல்நீலம், ஒடுங்கிய பச்சைக் கரை. பட்டுடுத்தி வந்தோரெல்லாம் ஆவணி வெக்கையில் விசிறியைத் தேட, நூற்சேலையோடு அவர் இலகுவாய் இருந்தார் என்பது வேறு விடயம். மண்டபத்து வாயிலிற் கால் வைக்கவே தயங்கினார். உறவில் மூத்த எம் பெரியம்மா, தாமும் நாற்பது ஆண்டுகளாக வெள்ளையன்றி வேறு உடுத்தாதவர், அருகழைத்துச் சேலைக் கரையை விரலால் நீவிப் பார்த்தார். நாமனைவரும் மூச்சடக்கி நின்றோம். "என்ன விலை பிள்ளை?" என்று கேட்டு, விலையைக் கேட்டதும், "பரவாயில்லை" என்றார். தமக்கையார் முன்வரிசையில் அவர் பக்கத்திலேயே அமர்ந்தார்.

புறப்படும் நாளிற் பெட்டிகள் மீண்டும் நிறுக்கப்பட்டன. எடை மிஞ்சிற்று. மருமகன் தன் நீச்சற் காலணியையும் இரண்டு பொலியெஸ்ரர் சட்டைகளையும் எமக்கு விட்டுச் சென்றான். வேட்டியைப் பெட்டியில் வைக்கவில்லை. கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டான். மான் கடித்த தொப்பியை மருமகள் விமானத்திலும் தலையிலேயே அணிந்து செல்வதாகச் சொன்னாள். காலணி இன்னும் எம் விறாந்தையிற் கிடக்கின்றது. அவ்வளவு பெரிய கால் எம் வீட்டில் எவருக்கும் இல்லை.