இரண்டு சொடக்கு: சில குறிப்புகள்

1992 ஜனவரி 26, மினியாபொலிஸில் அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டம். இடைவேளையில் மைதானத்தில் குளோரியா எஸ்டஃபான் பாடிக்கொண்டிருந்தார். அதே நேரம் பார்த்து ஃபாக்ஸ் சேனல் தன்னுடைய 'இன் லிவிங் கலர்' நகைச்சுவை நிகழ்ச்சியை நேரலையில் விட்டது. ஆட்டம் மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று காட்ட திரையில் ஒரு கடிகாரம் வேறு. செலவு டோரிட்டோஸ் சிப்ஸ்காரர்களுடையது. 2 கோடிப் பேருக்கு மேல் சேனலை மாற்றினார்கள். ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். அரண்டுபோய் அடுத்த வருடம் மைக்கேல் ஜாக்சனைக் கூப்பிட்டது. இன்றுவரை இடைவேளைக்குப் பெரிய பாடகர்கள் வருவதற்குக் காரணம் அந்த ஒரு இரவுதான்.

அன்றைக்குப் பெரிய சிரிப்பை வாங்கியவர்கள் பிளெய்னும் அன்ட்வானும். டேமன் வேயன்ஸும் டேவிட் ஆலன் கிரியரும் போட்ட வேஷம். வழக்கமாக இருவரும் பளபளக்கும் உடையில் உட்கார்ந்து சினிமா விமர்சனம் செய்வார்கள். கதாநாயகி படம் என்றால் இரண்டு பேரும் ஒரே குரலில் "பிடிக்கவில்லை" என்பார்கள். ஆண்கள் சட்டையில்லாமல் வரும் படம் என்றால் விரலைச் சொடுக்கி "இரண்டு சொடக்கு" என்று மதிப்பெண். அன்று சினிமாவுக்குப் பதில் ஃபுட்பால். அமெரிக்காவின் மிக முரட்டு ஆட்டத்தின் நடுவே, இரண்டு கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்கள் வீரர்களின் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள். நாடே சிரித்தது.

நானும் சிரித்தேன், பழைய துண்டுக் காணொளிகளில். கிரியர் அசாத்தியமான நடிகர். அதை மறைப்பதில் பிரயோசனமில்லை.

*

அந்தச் சொடக்கு எங்கிருந்து வந்தது?

1989இல் கறுப்பின இயக்குநர் மார்லன் ரிக்ஸ் 'டங்ஸ் அன்டைட்' என்ற படத்தை எடுத்தார். 55 நிமிடம்தான் ஓடும். கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களின் வாழ்க்கையை அவர்களே பேசுகிற படம். கவிதை, தாளம், வாக்குமூலம், நக்கல் எல்லாம் கலந்து கட்டியது. கவிஞர் எஸ்ஸெக்ஸ் ஹெம்ஃபில் வருகிறார், ரிக்ஸும் வருகிறார். அதில் சொடக்குப் போடுவதை ஒரு சாஸ்திரம் மாதிரி வகுப்பெடுக்கும் காட்சி உண்டு. எந்த வேகத்தில், எந்தத் திசையில், கை எங்கே முடியவேண்டும், எதிராளியை எந்தச் சொடக்கு வாயடைக்க வைக்கும் என்று வகை வகையாக. அந்தக் காட்சியில் சொடக்கு ஓர் ஆயுதம். தெருவில் கேலி செய்கிறவனுக்குக் கொடுக்கும் பதில். தங்களுக்குள்ளேயான செல்லச் சண்டை. யார் யாரைச் சொடுக்குகிறார், எதற்காக என்பது தெரிந்தால்தான் அது புரியும்.

ஃபாக்ஸ் மேடைக்கு வந்தபோது கை அசைவு மட்டும் வந்தது. பிளெய்னுக்கு வீடு எங்கே? வேலை என்ன? அவனுக்கு அம்மா உண்டா? ராத்திரி யாரோடு சாப்பிடுகிறான்? ஒன்றும் கிடையாது. விளக்கு அணைந்ததும் காணாமல் போகிற ஆள் அவன்.

ரிக்ஸ் இதைப் பற்றி 1991இல் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே தன்னை ஒரு 'சொடக்கு ராணி' என்று சொல்லிக்கொண்டார். அந்த அசைவைக் கைகழுவாமலேயே திருட்டைப் பற்றிப் பேசுகிறார். அவருடைய வாதத்தை என் வார்த்தையில் சொன்னால்: கறுப்பின ஆண் தன்னை முழு ஆம்பளையாகக் காட்டிக்கொள்ள, ஆம்பளையாக இல்லாத ஒருவன் பக்கத்தில் தேவைப்படுகிறான். வெள்ளைக்கார மேடை ஒரு காலத்தில் முகத்தில் கரி பூசி கறுப்பர்களைக் கோமாளியாக்கியது. அந்த வேலையை இப்போது கறுப்பர்களே தங்களில் ஒரு பிரிவுக்குச் செய்கிறார்கள். இதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. அதற்கு முன் அவர் எடுத்த 'எத்னிக் நோஷன்ஸ்', பொம்மைகளிலும் கார்ட்டூன்களிலும் பாட்டுப் புத்தக அட்டைகளிலும் இருந்த கறுப்பினக் கேலிச்சித்திரங்களின் வரலாறு.

*

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

1991 ஜூலையில் 'டங்ஸ் அன்டைட்' பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.ஸில் வந்தது. பல நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. இதற்கா வரிப்பணம் என்று கூச்சல். அரசு நிதி வழியே படத்துக்குக் கிடைத்தது வெறும் 5,000 டாலர். அடுத்த வருடம் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் பாட் புக்கானன், படத்தின் துண்டுகளை எடுத்து ஜார்ஜியா மாநிலத்தில் அதிபர் புஷ்ஷுக்கு எதிராக விளம்பரம் செய்தார். பார், உங்கள் அதிபர் எதற்குக் காசு கொடுக்கிறார் என்று.

இரண்டுக்கும் நடுவில்தான் அந்தச் சூப்பர் பவுல் இரவு. கோமாளி வேஷத்துக்குச் சிப்ஸ் கம்பெனியின் பணமும் 2 கோடிப் பேரின் கண்களும். அந்த வேஷம் கேலி செய்த ஆண்களே தங்கள் குரலில் பேசினால் அரசியல் விவகாரம்.

*

நகைச்சுவைக் கலைஞர் எடி மர்ஃபி, 'டெலிரியஸ்' மேடை நிகழ்ச்சி, 1983. வாஷிங்டன் அரங்கில், உடம்போடு ஒட்டிய சிவப்புத் தோல் உடையில் வருகிறார். தொடங்கியதுமே ஓரினச் சேர்க்கையாளர்கள் என் பின்புறத்தைப் பார்க்கக்கூடாது, அதனால்தான் மேடையில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கிறேன் என்கிறார். பிறகு எய்ட்ஸ் நகைச்சுவை. ஊரில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த காலம். 1996இல் மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு அந்த உடைதான் திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. பார்க்கப்படுவதற்கென்றே தைத்த உடையைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காதே என்று ஒரு மணி நேரம்.

மர்ஃபியின் மேடை நகைச்சுவைத் துண்டு ஒன்றையும் ரிக்ஸ் தன் படத்தில் சேர்த்திருக்கிறார். கூட்டத்தின் சிரிப்புச் சத்தத்தோடு.

*

ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் ஒரு தனி விஷயம். 1950களில் முகப்பூச்சும் உயரமாக வாரிய முடியுமாக மேடையேறியதற்கு அவரே ஒரு காரணம் சொன்னார்: அப்படி இருந்தால் வெள்ளைக்காரப் பெண்களுக்கு இவனால் ஆபத்தில்லை என்று வெள்ளைக்கார ஆண்கள் நினைத்துக்கொள்வார்கள், நடமாட விடுவார்கள். பெண்மை ஒரு நுழைவுச் சீட்டு. கறுப்பின ஆண் என்றாலே வெறிபிடித்த மிருகம் என்ற கட்டுக்கதை ஒருபுறம் இருந்தால்தான், அதற்கு மாற்றான கோமாளிக்கு மறுபுறம் சந்தை. இரண்டும் ஒரே கடையின் சரக்கு.

*

1993, 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் செபரேஷன்' படம். வில் ஸ்மித் தன்பாலீர்ப்புள்ள மோசடிக்காரனாக நடித்தார். முத்தக் காட்சியில் முத்தமிட மறுத்துவிட்டார். கேமரா கோணத்தால் சமாளித்தார்கள். டென்ஸல் வாஷிங்டன் சொன்ன அறிவுரையாம். பிற்பாடு ஸ்மித்தே அதைப் பக்குவமின்மை என்றார். பொய்யும் திருட்டும் செய்கிறவனாக நடிப்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

*

ஓமர் லிட்டில். இவனைப் பற்றி நிறைய எழுதலாம்.

'தி வயர்' தொடர் 2002இல் எச்.பி.ஓ.வில் தொடங்கியது. பால்டிமோர் நகரத்துப் போதைமருந்து வியாபாரிகளைக் கொள்ளையடிக்கிறவன் ஓமர். நீளக் கோட்டுக்குள் துப்பாக்கி, முகத்தில் குறுக்கே பெரிய தழும்பு. தெருமுனையில் அவன் சீட்டியடித்தால் பிள்ளைகள் "ஓமர் வர்றான்" என்று கத்திக்கொண்டு ஓடும். கெட்ட வார்த்தை பேசமாட்டான். அவனுக்கு ஒரு காதலன். அதற்காகத் தொடர் எந்த விளக்கமும் தருவதில்லை. மைக்கேல் கே. வில்லியம்ஸ் ஓமராகவே வாழ்ந்துகாட்டினார். அந்தத் தழும்பு ஒப்பனை இல்லை, இளமையில் ஒரு பார் சண்டையில் பிளேடால் கிழிபட்டது. நடனக்காரராக இருந்தவரை அந்தத் தழும்பே ரவுடி வேஷங்களுக்கு அனுப்பியது. 2021இல் இறந்துபோனார். ஒபாமா 2008இல் தனக்குப் பிடித்த பாத்திரம் ஓமர் என்று சொல்லியிருந்தார்.

சரி. ஆனால் ஓமரைக் கொண்டாடுகிறவர்கள் பேசும்போது கவனித்தால் ஒரு வாக்கியம் வரும்: "அவன் கே-தான், ஆனாலும் என்ன மாதிரி ஆளு பாருங்க." அந்த 'ஆனாலும்' என்னை உறுத்துகிறது. துப்பாக்கி இருப்பதால் மன்னிப்பு. பிளெய்னை வைத்து அளந்த அதே அளவுகோலில் ஓமருக்கு நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அளவுகோல் அப்படியே இருக்கிறது.

தொடரை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை என்றும் தோன்றுகிறது. நான்காவது சீசனில் ஒரு காலை. வீட்டில் காலை உணவுக்கு ஹனி நட் சீரியோஸ் தீர்ந்துவிட்டது. ஓமர் பட்டுத் துணி இரவு உடையிலேயே, கையில் துப்பாக்கி இல்லாமல், கடைக்கு நடக்கிறான். தெரு காலியாகிறது. கடையில் அது கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு சுவரில் சாய்ந்து சிகரெட் பற்றவைக்கிறான். மேலே ஜன்னலிலிருந்து போதைமருந்துப் பை தானாக வந்து விழுகிறது. கேட்காமலேயே கப்பம். காதலனுக்கும் தனக்கும் காலை உணவு வாங்கப் போன குடும்பஸ்தன் அவன். ஊருக்கு அது தெரியாது, பட்டுச் சட்டையைப் பார்த்தும் நடுங்குகிறது. தொலைக்காட்சி இந்த விஷயத்தில் செய்த மிக நல்ல நகைச்சுவை இதுதான் என்பேன். பிளெய்ன் பக்கமே போகாமல், ஆம்பளைத்தனத்தையே சிரிக்க வைக்கிறது.

*

'மூன்லைட்' (2016) பற்றி ஒரே ஒரு காட்சி. ஆஸ்கர் மேடையில் 'லா லா லேண்ட்' என்று தப்பாக அறிவித்த கூத்து எல்லோருக்கும் தெரியும், அது வேண்டாம்.

கடைசிப் பகுதியில் ஷைரன் வளர்ந்து, அட்லாண்டாவில் போதைமருந்து விற்கிறான். தசைகள் இறுகிய உடம்பு, பல்லில் தங்கக் கவசம். சிறுவயதில் அவனை அடித்த உலகத்திடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்ட வேஷம் அது. பழைய நண்பன் கெவின் இப்போது மயாமியில் ஓர் உணவகத்தில் சமையல்காரன். இவன் போய் உட்கார்கிறான். கெவின் அடுப்படிக்குப் போய்ச் சமைக்கிறான். சோறு, கறுப்பு பீன்ஸ், கோழி, மேலே கொத்தமல்லித் தழை. சாப்பிடுவதற்கு முன் ஷைரன் வாயிலிருந்து அந்தத் தங்கப் பற்களைக் கழற்றுகிறான். மாட்டிக்கொண்டு சாப்பிட முடியாது என்பதுதான் காரணம். வசனம் எழுதியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

படத்தின் இயக்குநர் பேரி ஜென்கின்ஸும், மூலக்கதை எழுதிய டாரெல் ஆல்வின் மெக்ரேனியும் மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் வளர்ந்தவர்கள். இருவரின் தாய்மார்களும் போதைப் பழக்கத்தில் சிக்கியவர்கள். அதனால் படத்தின் துயரம் இரவல் இல்லை. ஆனாலும் பரிசு வாங்குகிற கறுப்பினத் தன்பாலீர்ப்புக் கதைகளில் துயரமே மேலோங்கி நிற்கும்போது, அதுவும் ஒரு வார்ப்பாகிவிடும் ஆபத்து இருக்கிறது. கோமாளி போய் தியாகி வந்தால் முன்னேற்றம் கொஞ்சம்தான்.

*

'நோவாஸ் ஆர்க்' என்றொரு தொடர், 2005, லோகோ சேனல். பாட்ரிக்-இயன் போல்க் எடுத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் நான்கு கறுப்பின நண்பர்கள், காதல், வாடகை, வேலை, சண்டை, துணிமணி. இரண்டே சீசன். காவியமெல்லாம் இல்லை, சில இடங்களில் சாதா மெகா சீரியல்தான். நாயகன் நோவா மென்மையானவன், ஒயிலாக நடப்பவன். ஏன் மறுபடி இப்படிப்பட்டவனைக் காட்டுகிறீர்கள், ஆம்பளை மாதிரி ஒருவனைக் காட்டக்கூடாதா என்ற முறுமுறுப்பு தன்பாலீர்ப்பு ஆண்களிடமே உண்டு. கேலிச்சித்திரத்துக்குப் பயந்து, உண்மையிலேயே அப்படி நடக்கிறவனை வீட்டுக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் பழக்கம் இது. பிளெய்னின் குற்றம் அவன் இடுப்பை வளைத்தது இல்லை. நோவா அதே இடுப்போடு வாடகை கட்டுகிறான், காதலிக்கிறான், ஏமாறுகிறான். எனக்கு அது போதும்.

*

'ப்ரூக்ளின் நைன்-நைன்' நகைச்சுவைத் தொடரின் தன்பாலீர்ப்புள்ள போலீஸ் கேப்டன் ஹோல்ட்: முகத்தில் ஒரு தசை அசையாது. சிரிப்பு முழுக்க அந்த விறைப்பிலிருந்தே வருகிறது, தன்பாலீர்ப்பிலிருந்து இல்லை. ஹோல்ட்டாக நடித்த ஆந்த்ரே ப்ராவர் 2023 டிசம்பரில் போய்விட்டார். பெரிய நஷ்டம். ஒரு சின்ன முணுமுணுப்பு: ஹோல்ட்டின் கணவர் வெள்ளையர். 'சிக்ஸ் ஃபீட் அண்டர்' தொடரின் கீத்துக்கும் துணை வெள்ளையர். ரிக்ஸின் சொந்தத் துணையும் வெள்ளையர்தான், கறுப்பின ஆண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதைப் பற்றிப் படமெடுத்தவர் என்று அதற்காக அவரைக் கிண்டலடித்தவர்கள் உண்டு. மனிதர்களின் துணை அவரவர் பாடு. தொலைக்காட்சி எழுத்தாளர்கள் மறுபடி மறுபடி அதையே தேர்ந்தெடுப்பது வேறு விஷயம்.

*

ரிக்ஸ் 1994இல் எய்ட்ஸால் இறந்தார், வயது 37. கடைசிப் படத்தை நண்பர்கள் முடித்தார்கள்.

2022இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்கவேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் 'டங்ஸ் அன்டைட்'டைச் சேர்த்தது. ஒளிபரப்ப மாட்டோம் என்று நிலையங்கள் மறுத்த படம். அதே வருடப் பட்டியலில் 'ஹவுஸ் பார்ட்டி' (1990) படமும் இருக்கிறது. அதில் ஒரு சிறைக் காட்சி. கதாநாயகன் தன்மேல் கண்வைக்கும் கைதிகளை விரட்ட, தன்பாலீர்ப்பைப் பழித்து ஒரு ராப் பாடுகிறான். இரண்டு படச்சுருளும் இனி ஒரே அரசாங்கத்தின் காவலில்.