சுவரேறிய சைக்கிள்!

ஓர் அங்குலத்துக்கு ஒரு கிலோமீட்டர். பி.காம். படித்தவனுக்கு இதைவிட வசதியான கணக்கு கிடைக்காது!

சரவணம்பட்டி பக்கம் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் சைக்கிள் நிறுத்த ஓர் அறை உண்டு. அதன் வெறும் சுவரில், கோவையைச் சுற்றியுள்ள சைக்கிள் பாதைகளைக் காட்டும் மேப் வைக்க சங்கம் தீர்மானித்தது. பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற ஒரே தகுதிக்காக, பொறுப்பு என் தலையில்.

எட்டடிக்கு நாலடி பிளைவுட் இரண்டை ஒட்ட வைத்தால் எட்டுக்கு எட்டு. 96 அங்குலம், 96 கிலோமீட்டர். மேலே ஊட்டி, கீழே பொள்ளாச்சி, இடது பக்கம் பாலக்காடு, வலது பக்கம் திருப்பூர்... நாலும் அடக்கம்! (சென்னையை நடுவில் வைத்து இதே பலகையை அடித்தால் பாதி கடல்தான்.)

மலையை வெறும் பச்சை பெயின்ட்டில் தீர்த்துவிட மனமில்லை. பலகைமேல் பலகை அடுக்கலாம் என்றேன். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர். ஊட்டி சுமார் 2,240. அதே அளவுகோலில் ஊட்டி சுவரிலிருந்து எவ்வளவு துருத்தும் தெரியுமா? இரண்டு அங்குலம்கூட இல்லை! 12 மி.மீ. பலகை நாலே நாலு போதும். கோத்தகிரி வழியாக நாக்குத் தள்ள மிதித்து ஏறிய சாஃப்ட்வேர் தம்பி ஒருவர் அதைப் பார்த்து நொந்துபோய், "இவ்வளவுதானுங்களா?" என்றார். அவர் மனம் குளிர உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கினோம். ஓரத்தில் அதை எழுதியும் வைத்தாயிற்று. கணக்கில் மறைக்கக் கூடாது பாருங்கள்.

மலை உயரமெல்லாம் 2000 பிப்ரவரியில் 'எண்டெவர்' விண்கலம் 11 நாள் பூமியைச் சுற்றி ரேடாரில் அளந்தது, இன்று இலவசம். சாலைகள், தன்னார்வலர்கள் வரைகிற 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'பிலிருந்து. மூலையில் அவர்கள் பெயரைப் போட்டால் போதும், காசு வேண்டாம்.

நொய்யலை மேற்கிலிருந்து கிழக்கே நீல பெயின்ட்டில் இழுத்து, குளங்களுக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டினோம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர், சூலூர்... ஆறு கழுத்தில் போட்ட மணி மாதிரி வந்தது.

பாதைகளுக்கு ஆணியடித்து நூல். பேரூர் தாண்டி சிறுவாணி அடிவாரம், மருதமலை, வாளையாறு, மேட்டுப்பாளையம். எல்லாமே ஞாயிற்றுக்கிழமைப் பாதைகள். ஆனைகட்டிப் பக்கமும் சிறுவாணிப் பக்கமும் சிவப்பு ஆணி. யானை நடமாட்டம், இருட்டுமுன் வீடு திரும்பவும்!

அறைக்குள் வராமல் கேட்டோரம் சாய்ந்து நிற்கும் சைக்கிள் ஒன்று உண்டு. இரவு வாட்ச்மேனுடையது. இருகூரிலிருந்து தினமும் அதில்தான் வருகிறார். ஏணி பிடித்துக்கொண்டிருந்தவர், "ஏனுங் தம்பி, எல்லாம் இருக்குது, காத்து எங்கீங்க?" என்றார்.

நான் விழித்தேன்.

"ஆனி, ஆடியில டூட்டிக்கு வாரப்ப எதிர்க்காத்துங்க. மூணு மைலு ஆறு மைலாட்டம் இருக்கும். காத்தால வூட்டுக்குப் போறப்ப பெடலே மிதிக்க வேண்டியதில்லீங்க."

பலகையைத் திரும்பப் பார்த்தேன். இடது பக்கம் வடக்கே மலைக் குவியல் சட்டென்று முடிந்து, கீழ் விளிம்புவரை ஒன்றுமில்லை. பாலக்காட்டுக் கணவாய்! சுமார் 30 கி.மீ. அகலம். (அந்தப் பக்கத்து ஆனைமலை எங்கள் பலகைக்கு வெளியே போய்விட்டது.) தென்மேற்குப் பருவக்காற்று இந்த ஓட்டையில் புகுந்துதான் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம்மைத் தள்ளுகிறது. பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் சுற்றுவதும் அதன் தயவில்தான். ஆகவே மேப்பில் பெரிதாக ஓர் அம்பு ஏறியது. ஆடியில் மேற்கே கிளம்புகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். போகும்போது பாடு, திரும்பும்போது பாட்டு!

கூடவே இருகூருக்கு ஒரு மஞ்சள் நூல் கட்டினேன். பலகையில் ஏறக்குறைய ஒரு சாண். அந்த ஒரு சாணுக்குச் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேர விவாதம்!

"நம்ம மெம்பர்ஸ் போற ரூட் போதுமுங்களே. இருகூர் எதுக்குங்க?" என்றார் செயலாளர்.

"இந்தக் கட்டடத்துல தினமும் சைக்கிள் மிதிக்கிறவர் அவர் ஒருத்தர்தானுங்க சார். நாமெல்லாம் வாரத்துக்கு ஒரு நாள்" என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "சரி, இருக்கட்டும்" என்றார்கள்.

மஞ்சள் நூல் தங்கிவிட்டது. அந்தக் கேட்டோர சைக்கிளை அறைக்குள் விடலாமா என்பது மட்டும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.